ஒரே கம்பெனி, எட்டுக் கப்பல்: திண்டுக்கல் குடும்பம் எதில் ஏறுவது?

திண்டுக்கல்லிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். மலைக்கோட்டையில் ஏறி நின்றால் கண்ணுக்குத் தெரிவது சிறுமலையும் சமவெளியும்தான். ஆனாலும் இந்த ஊரிலும், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, வத்தலக்குண்டு என்று சுற்றியுள்ள ஊர்களிலும் கோடை விடுமுறைப் பேச்சுக்குள் கப்பல் வந்துவிட்டது. கொடைக்கானல் பக்கத்தில் இருப்பதாலேயே அலுத்துப்போன பிள்ளைகள், கடலுக்குள் நாலு நாள் இருந்துவிட்டு வரலாமா என்று கேட்கிறார்கள். கேட்பதற்குக் காரணமும் இருக்கிறது. 2022 ஜூன் மாதம் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா நிறுவனத்தின் சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார். குழந்தைகளுக்குப் பெயர்போன டிஸ்னி நிறுவனமோ ஆசியாவுக்கென்று ஒரு கப்பலை சிங்கப்பூரில் நிறுத்த முடிவெடுத்தது. சிங்கப்பூர் நமக்குத் தூரமில்லை. திருச்சியில் விமானம் ஏறினால் நேராகப் போய் இறங்கலாம்.

விசாரிப்பவர்கள் எல்லாரும் கம்பெனியைத்தான் விசாரிக்கிறார்கள். "டிஸ்னி எப்படி? கார்டிலியா எப்படி?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கம்பெனியின் எந்தக் கப்பல் என்று கேட்பவர் குறைவு. ஒரே முதலாளியின் பஸ்தான் என்றாலும் கொடைக்கானல் மலை ஏறும் வண்டி வேறு, ராத்திரியில் சென்னைக்கு ஓடும் வண்டி வேறு என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கப்பலுக்கும் அதுதான் கணக்கு. பெயரும் சின்னமும் ஒன்றாக இருக்கும். கட்டிய காலம், கட்டிய நோக்கம், உள்ளே ஆளுக்குக் கிடைக்கும் இடம், போகும் வழி எல்லாம் மாறும். பல வருடச் சேமிப்பைக் கொட்டிப் போகிற குடும்பத்துக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கம்பெனிக் கப்பல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது தமிழர்களுக்குப் புதிய பழக்கமல்ல. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி 1926-இல் 'ரஜூலா', 'ரோனா' என்று இரண்டு கப்பல்களைக் கட்டியது. இரண்டும் அக்கா தங்கை. ரஜூலா கிளாஸ்கோவில் பிறந்தது. ரோனா இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்ற தடத்தில் மலேயாவுக்குப் போன நம் முன்னோரில் பலர் ஏறியது ரஜூலாவில்தான். எண்ணாயிரத்துச் சொச்சம் டன் கொண்ட அந்தக் கப்பல் டெக் பயணிகளாக ஐயாயிரம் பேர் வரை ஏற்றிச்செல்ல உரிமம் பெற்றிருந்தது. இன்றைய சொகுசுக் கப்பலின் அளவுகளோடு அந்த எண்ணை வைத்துப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. ரோனா இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களை ஏற்றிச் சென்றபோது, 1943 நவம்பர் 26 அன்று அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மானியக் குண்டுக்கு இரையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ரஜூலா 1973 வரை ஓடியது. ஒரே வரைபடத்தில், ஒரே ஆண்டில், ஒரே கம்பெனிக்குக் கட்டிய கப்பல்களுக்கே இவ்வளவு வேறான வாழ்வு அமைகிறது என்றால், இருபத்தைந்து ஆண்டு இடைவெளியில் கட்டியவை எப்படி ஒன்றாக இருக்க முடியும்?

டிஸ்னியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். குடும்பம் என்பதையே முதலாக வைத்துக் கப்பல் ஓட்டும் நிறுவனங்களில் அதுதான் தெளிவான உதாரணம். அவர்கள் கப்பலில் சூதாட்டக் கூடம் கிடையாது. 1998-இல் 'மேஜிக்', 1999-இல் 'வொண்டர்' இரண்டும் இத்தாலியில் கட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 84,000 கிராஸ் டன். நிறையப் பேர் ஏறினால் 2,700 பேர். 2011-இல் 'ட்ரீம்', 2012-இல் 'ஃபேன்டசி' ஜெர்மனியின் பாப்பன்பர்க்கில் உருவாயின. பாப்பன்பர்க் கடற்கரை ஊர் அல்ல. எம்ஸ் ஆற்றில் உள்ளே தள்ளி இருக்கிறது, கட்டி முடித்த கப்பலை ஆற்றுவழியே மெல்ல இறக்கிக் கடலுக்குக் கொண்டுபோவார்கள். இந்த இரண்டும் 1,30,000 டன், 4,000 பேர். அதே ஊரில் பிறந்த மூன்றாம் தலைமுறை, 2022-இன் 'விஷ்', 2024 டிசம்பரில் வந்த 'ட்ரெஷர்', 2025 நவம்பரில் வந்த 'டெஸ்டினி'. இவை 1,44,000 டன். ஆள் கணக்கு அதே 4,000. எட்டாவது, சிங்கப்பூருக்கென்று வந்த 'அட்வென்ச்சர்'. 2,08,000 டன், ஏறக்குறைய 6,700 பயணிகள். 2025 டிசம்பரில் புறப்படுவதாக இருந்து 2026 மார்ச் 10-க்குத் தள்ளிவைக்கப்பட்டது.

கிராஸ் டன் என்பது எடை இல்லை, கப்பலின் உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டும் அளவு. ஆகவே அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால், கூட்டம் நிறைந்த நாளில் ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு மதிப்பு கிடைக்கும். நம் ஊர்க் குடும்பங்கள் போவது பள்ளி விடுமுறையில். அப்போது கப்பல் நிறைந்துதான் இருக்கும். அதனால் முழுக் கொள்ளளவை வைத்தே கணக்குப் போட்டேன். மேஜிக், வொண்டர்: 31. ட்ரீம், ஃபேன்டசி: 32. விஷ், ட்ரெஷர், டெஸ்டினி: 36. எட்டிலும் பெரிய அட்வென்ச்சர்: மறுபடியும் 31. கப்பல் இரண்டரை மடங்கு பெருத்திருக்கிறது. ஆளுக்குக் கிடைக்கும் இடம் 1998-இன் முதல் கப்பலில் இருந்த அதே அளவுக்கு வந்து நின்றிருக்கிறது. பெரிய கப்பல் என்றால் விசாலம் என்ற நினைப்பை இந்த ஒரு கணக்கு உடைத்துவிடுகிறது.

அட்வென்ச்சருக்கு ஏன் இப்படி என்பதற்கு அதன் பிறப்புக் கதையில் விடை இருக்கிறது. அது டிஸ்னி வரைந்த கப்பலே அல்ல. கெந்திங் ஹாங்காங் நிறுவனத்துக்காக, 'குளோபல் ட்ரீம்' என்ற பெயரில், ஜெர்மனியின் விஸ்மர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளை ஏற்றும் திட்டம். கொரோனா காலத்தில் கெந்திங் நொடித்தது; 2022 தொடக்கத்தில் அந்தக் கப்பல் கட்டும் தளமும் திவாலானது. பாதியில் நின்ற உடலை அந்த ஆண்டு நவம்பரில் டிஸ்னி வாங்கியது. பழைய திட்டப்படி ஓட்டியிருந்தால் நம் கணக்கில் 22, 23 என்றுதான் வந்திருக்கும். ஆள் எண்ணிக்கையை 6,700-க்குக் குறைத்ததால்தான் தன் வீட்டுக் கப்பல்களின் அளவுக்கு அது எட்டியது. டிஸ்னி இந்த இடத்தில் லாபத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். பாராட்ட வேண்டிய முடிவு. ஆனால் உடல் வேறொருவருக்காகக் கட்டியது என்பதை முன்பதிவு செய்கிறவர் மறக்கக் கூடாது. டிஸ்னியின் மற்றக் கப்பல்களில் பெரும்பாலான அறைகளில் கழிப்பிடம் தனி, குளிக்கும் இடம் தனி. ஒரே நேரத்தில் ஒருவர் குளிக்கலாம், இன்னொருவர் பல் துலக்கலாம். நாலு பேர் ஓர் அறையில் கிளம்பும்போது இதைப் போன்ற உதவி வேறில்லை. அட்வென்ச்சரிலும் எல்லா அறையும் இப்படித்தான் என்று நாமாக நினைத்துக்கொண்டு பணம் கட்டிவிடாமல், எடுக்கப்போகும் அறையின் வரைபடத்தைக் கேட்டுப் பார்த்துவிட வேண்டும்.

பழைய கப்பல் என்றாலே ஒதுக்கிவிடுவது நம்மிடம் இருக்கும் இன்னொரு தவறான பழக்கம். மேஜிக், வொண்டர் இரண்டிலும் ஜன்னல் இல்லாத சாதாரண உள்ளறை 184 சதுர அடி. பின்னால் வந்த ட்ரீமில் அதே தர அறை 169. அந்தப் பழைய இரண்டிலும் நான்காம் டெக்கில் கப்பலைச் சுற்றி நடந்து வரலாம். காலையில் எழுந்ததும் நடக்காவிட்டால் நாள் ஓடாது என்கிற பெரியவர்களுக்கு அந்த டெக் ஒன்றே போதும். கப்பல் சின்னதாக இருப்பதால் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடை குறைவு, லிஃப்டுக்குக் காத்திருப்பும் குறைவு. ட்ரீம், ஃபேன்டசி உள்ளறைகளில் சுவரில் வட்டத் திரை வைத்து, வெளிக்கடலை நேரலையில் காட்டுகிறார்கள். குழந்தைகள் அதன் முன்னாலேயே உட்கார்ந்துவிடும். கடலில் ஓடும் கப்பல் ஒன்றில் முதல்முறையாக நீர்ச்சறுக்குக் கோஸ்டர் அமைத்ததும் ட்ரீம்தான்; 765 அடி நீளம். விஷ், ட்ரெஷர், டெஸ்டினி மூன்றின் பெருமை அறைகளும் சாப்பாட்டுக் கூடங்களும். அட்வென்ச்சரில் ரோலர் கோஸ்டரே இருக்கிறது.

இந்த எட்டுக்கும் பொதுவான ஒன்றையும் சொல்ல வேண்டும். இரவுச் சாப்பாட்டை ஒரே கூடத்தில் போடாமல், நாளுக்கொரு கூடமாக மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். நமக்குப் பரிமாறும் ஆட்கள் மட்டும் மாறாமல் நம்மோடே வருவார்கள். பாட்டிக்குப் புரட்டாசியில் கறி ஆகாது, பேரனுக்குக் காரம் ஆகாது என்பதை முதல் நாள் ஒரு தடவை சொன்னால் போதும். நம் குடும்ப அமைப்புக்கு இதைவிடப் பொருந்தும் ஏற்பாட்டை நான் கேள்விப்படவில்லை. ஆறு மணி வாக்கில் ஒரு பந்தி, எட்டு மணி வாக்கில் ஒரு பந்தி என்பதால், சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கும் பெரியவர்கள் இருந்தால் முதல் பந்தியை முன்பதிவின்போதே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

வழியைப் பற்றிச் சுருக்கமாக. ட்ரெஷர் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு வாரப் பயணம் போகிறது. விஷ் போவது மூன்று நாலு இரவுப் பயணம். வொண்டர் கோடையில் வான்கூவரிலிருந்து அலாஸ்காவுக்குப் போகும். அட்வென்ச்சர் சிங்கப்பூரில் கிளம்பி மூன்று அல்லது நாலு இரவு கடலில் இருந்துவிட்டு, வேறு எந்த ஊரிலும் இறக்காமல், சிங்கப்பூருக்கே திரும்பும். அதாவது அங்கே கப்பலேதான் ஊர். ஊர் பார்க்கும் ஆசையோடு போகிறவருக்கு அது ஏமாற்றம் தரும். குழந்தைகளை ஒரே இடத்தில் ஓட விட்டுவிட்டு உட்கார நினைக்கிறவருக்கு அது வரம். இங்கிருந்து அமெரிக்கா வரை கப்பலுக்காக மட்டும் போவது வீண் செலவு. மகனோ மகளோ அங்கே வேலையில் இருந்து, பேரப்பிள்ளை பார்க்கப் போகும் பெற்றோருக்குத்தான் ஃபுளோரிடா, டெக்ஸாஸ் புறப்பாடுகள். மேலே சொன்ன குறைந்த நடையையும் நான்காம் டெக்கையும் கருதி, அவர்களுக்கு என் பரிந்துரை மேஜிக்தான், டெஸ்டினி அல்ல. பனியும் குளிரும் பழகாத உடம்புக்கு அலாஸ்கா முதல் பயணமாக வேண்டாம்.

இனி நம் கரைக் கப்பல். கார்டிலியாவின் 'எம்பிரஸ்' பிரான்சின் சென் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் கட்டப்பட்டு 1990-இல் 'நார்டிக் எம்பிரஸ்' என்ற பெயரில் ஓடத் தொடங்கியது. ராயல் கரிபியன் குழுமத்தில் முப்பது ஆண்டு உழைத்துவிட்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கால்வைத்தது. 48,500 டன், 796 அறைகள். அறைக்கு இருவர் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் ஆளுக்கு 30 வருகிறது. அதே கணக்கில் மேஜிக்குக்கு 48. எம்பிரஸில் உள்ளறை சின்னது. பால்கனி உள்ள அறைகள் மிகக் குறைவு. சூதாட்டக் கூடம் உண்டு. 2022-இல் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்து, கப்பலுக்கு அனுமதி கிடைக்காமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பெரியவர்கள் இதைக் கேட்டு முகம் சுளித்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பேன்.

ஆனால் எம்பிரஸை லேசாகத் தள்ளிவிட முடியாது. பாஸ்போர்ட் இல்லாத தாத்தாவையும் உள்நாட்டுப் பயணத்தில் அரசு அடையாள அட்டையோடு ஏற்றிக்கொள்கிறது. சைவம், ஜைனச் சாப்பாடு கேட்டு அலைய வேண்டாம். 2023 ஜூனில் சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கையைச் சுற்றி வந்தது இந்தக் கப்பல்தான். காங்கேசன்துறையில் ஒரு பயணிகள் கப்பல் வந்து நின்றது யாழ்ப்பாணத்துக்கு எத்தனை பெரிய நாள் என்பதைப் போர்க்காலத்தை அறிந்தவர் உணர்வார். தென்மேற்குப் பருவத்தில் அரபிக்கடல் கொந்தளிக்கும்போது மும்பையை விட்டுச் சென்னைப் பக்கம் வருவது இதன் வழக்கம். அதனால் நமக்கு வாய்ப்பு கோடை கடைசியிலும் ஆடி, ஆவணியிலும்தான். ஐப்பசி, கார்த்திகையில் புயல் வரும் வங்கக்கடலை நம்பிப் பயணம் வைக்கக் கூடாது.

கார்டிலியாவும் ஒரே கப்பலோடு நிற்கப்போவதில்லை. நார்வீஜியன் குரூஸ் லைனிடமிருந்து 'ஸ்கை' (1999), 'சன்' (2001) என்ற இரண்டை நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்க ஒப்பந்தம் செய்து, முதலாவது 2026-இலும் அடுத்தது 2027-இலும் வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். ஸ்கை 77,000 டன், சன் 78,000 டன். அறைக்கு இருவர் கணக்கில் ஸ்கைக்கு 38, சன்னுக்கு 40. எம்பிரஸின் முப்பதோடு இதை வைத்துப் பாருங்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர்ப்பலகை. ஆளுக்குக் கிடைக்கும் இடம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. இந்த இரண்டிலும் பால்கனி அறைகளும் அதிகம். "கார்டிலியாவில் போனோம், இடம் பத்தவில்லை" என்று ஒருவரும், "கார்டிலியாவில் போனோம், அருமை" என்று இன்னொருவரும் சொல்லும் காலம் வரப்போகிறது. இருவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

கப்பலைத் தேர்ந்த பிறகு அறை. இதில்தான் மூன்று தலைமுறையாகப் போகும் நம் குடும்பங்கள் அதிகம் சிக்கிக்கொள்கின்றன. நாலு பேர் அறை என்றால் நாலு கட்டில் கிடையாது. பெரும்பாலான கப்பல்களில் மூன்றாவது, நான்காவது படுக்கை கூரையிலிருந்தோ சுவரிலிருந்தோ இறங்கும். ஏணி வைத்து ஏற வேண்டும். மூட்டுவலிக்காரர் ஏற முடியாது. எட்டுப் பேர் போனால் நடுவே கதவு உள்ள இரண்டு அறைகளைக் கேட்க வேண்டும். அவை குறைவு, விடுமுறைக்கு மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். ஆட்டம் தாங்காதவர்கள் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் அறை எடுக்க வேண்டும். முனையிலும் மேலேயும் அசைவு கூடுதல். இந்த விதி மேஜிக்குக்கும் பொருந்தும், எம்பிரஸுக்கும் பொருந்தும். பெரும்பாலான கப்பல்கள் ஆறு மாதம் நிறையாத குழந்தையை ஏற்பதில்லை. ஆறு மாதம் எட்டும் கர்ப்பிணிகளுக்கும் தடை உண்டு. வளைகாப்புக்கு முன் ஒரு பயணம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் பார்க்கட்டும்.

திண்டுக்கல்லிலிருந்து போகும் வழியும் கணக்கில் வர வேண்டும். சென்னைப் புறப்பாட்டுக்கு அன்று காலை வைகை எக்ஸ்பிரஸில் ஏறினால் எழும்பூர் போய்ச் சேரவே மத்தியானம் தாண்டிவிடும். ரயில் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. முந்தின இரவே பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுவதுதான் முறை. சிங்கப்பூருக்கு முந்தின நாளே போய் ஓர் இரவு தங்க வேண்டும். அட்வென்ச்சர் சிங்கப்பூரை விட்டு வெளியேறித் திரும்ப உள்ளே வருவதால், விசா ஒருமுறை நுழைவா பலமுறை நுழைவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால் என் முடிவு இது. எழுபது தாண்டியவர்களும் பாஸ்போர்ட் எடுக்காதவர்களும் கூட வந்தால் சென்னைக் கரையிலிருந்து போங்கள். அவசரமில்லை என்றால் எம்பிரஸுக்குப் பதில் ஸ்கை சென்னைப் பக்கம் வரும் வரை பொறுத்திருங்கள். நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை பிள்ளைகள் இருந்து, கையில் பணமும் இருந்தால் சிங்கப்பூர் அட்வென்ச்சர், அதுவும் பள்ளி விடுமுறையின் உச்ச வாரத்தைத் தவிர்த்து. இரண்டில் எதுவானாலும் ஏஜெண்டிடம் கம்பெனிப் பெயரோடு கப்பலின் பெயர், தளத்தின் எண், அறையின் எண் மூன்றையும் எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.